வேலுவுக்குப் பக்கத்துக் கட்டில்

காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள் அதைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். நான் அந்த ரகமில்லை என்று நினைத்திருந்தேன். தல்லாகுளத்துக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா நான். நாளெல்லாம் ஊரார் வழக்கை எழுதிக் கை சலித்தவனுக்குத் தன் கதையை எழுதும் ஆசை எங்கிருந்து வரும்? ஆனாலும் எழுதுகிறேன். டைபாய்டு கண்ட வீட்டில் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவே போதும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அங்கே எங்களை நன்றாகத்தான் கவனித்தார்கள்.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சைக்கிள் பந்தயம் பார்க்க வேண்டும். மைதானத்தில் செக்குமாடு மாதிரி வட்டம் சுற்றும் பந்தயமில்லை, ரோட்டுப் பந்தயம். தல்லாகுளத்தில் புறப்பட்டு மேலூர் போய்த் திரும்பி வர வேண்டும். ஓட்டுகிறவர்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களில்லை. மதுரையில் சைக்கிள் விற்கும் பெரிய கடைக்காரர்கள் ஆளுக்கொரு பந்தயக்காரனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். பனியன் முதுகில் கடையின் பெயர் இருக்கும். ஜெயித்தவன் எந்த வண்டியில் வந்தானோ அந்த வண்டிதான் அந்த வருஷம் ஊரில் விற்கும்.

ரோட்டுப் பந்தயம் பார்க்கிறவன் பாதி நேரம் ரோட்டைத்தான் பார்ப்பான். விடிவதற்குள் போய்ப் புளியமரத்தடியில் இடம் பிடிக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். வெயில் ஏறும், தாகம் எடுக்கும், பக்கத்தில் நிற்கிறவனோடு இரண்டு முறை சண்டை வந்து இரண்டு முறையும் சமாதானம் ஆகிவிடும். கடைசியில் மதுரைப் பக்கமிருந்து "வாரான்! வாரான்!" என்ற கூச்சல் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு வரும். புழுதியோடு சர்ரென்று போய்விடுவார்கள். கண்ணைக் கசக்கினால் அதுவும் போயிற்று. திரும்பி வரும்போது இன்னொரு தடவை, அவ்வளவுதான். யார் ஜெயித்தது என்பதுகூட எங்களுக்கு அங்கே தெரியாது. மதுரையிலிருந்து வரும் அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டு போவார்.

திருவாதவூரில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு இது அடியோடு பிடிக்காது. "அம்புட்டு நேரம் வெயில்ல நின்னு இம்புட்டுக்காணு பாக்குறதுக்கு, அந்தப் பய வீட்டுக்கே போயி ஆற அமரப் பாத்துட்டு வரலாம்ல?" என்பாள். நான் அடுத்த பந்தயத்துக்கும் விடிவதற்குள் கிளம்பிவிடுவேன்.

எங்கள் கூட்டம் நிற்குமிடம் ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலையை ஒட்டி ரோடு வளையும் இடத்திலுள்ள ஒரு சின்னப் பாலம். எங்களுக்குத் தலைவர் பிச்சை அண்ணன், ஆரப்பாளையத்தில் சோடாக்கடை வைத்திருந்தவர். எங்கள் ஆள் வேலுச்சாமி. தாய் தகப்பன் இல்லாத பையன். தந்தி ஆபீசில் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவனை, அவன் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து ஒரு சைக்கிள் கடைக்காரர் அழைத்து வைத்துக்கொண்டார். கடைப் பரண்தான் அவனுக்குப் படுக்கை.

பந்தயக்காரனுக்கு வழியில் ஆகாரம் கொடுப்பது அவனுடைய கூட்டத்தாரின் பொறுப்பு. சிலர் வாழைப்பழம் கொடுப்பார்கள், சிலர் கருப்பட்டித் துண்டு கொடுப்பார்கள். நாங்கள் கொடுத்தது பொரிவிளங்காய் உருண்டை. பாசிப்பயறையும் அரிசியையும் வறுத்துத் திரித்து வெல்லப்பாகில் பிடிப்பது. தெரியாமல் கடித்தால் பல்லுக்கு உத்தரவாதமில்லை. பிச்சை அண்ணனின் சம்சாரம் எங்களுக்காகவே பிடித்துக் கொடுப்பார். திரும்பி வரும்போது வேலு அந்தப் பாலத்தருகே கொஞ்சம் வேகத்தைக் குறைப்பான். பிச்சை அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவன் கூடவே ஓடி, உருண்டையை அவன் வாயில் போடுவார். வேலு அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மிதிப்பான். ஊர் எல்லை வரும்வரை அது கரையும். "கடைசி மூணு மைலுதான்டா ஆளைக் கொல்லும். அப்ப வயித்துல ஏதாச்சும் கெடக்கணும்" என்பார் அண்ணன். அந்த உருண்டை வாயில் விழுந்த பந்தயத்தில் வேலு தோற்றதே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் வேதம்.

அந்தக் கோடையில் நடந்த பந்தயம் நேரம் கழித்துப் புறப்பட்டது. நாங்கள் கொண்டுபோன குடத்துத் தண்ணீர் காத்திருந்ததிலேயே தீர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் பக்கத்து ஊருணியில் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். வேலு திரும்பி வந்தபோது அவன் தலையில் ஒரு செம்பு ஊற்றினோம். இன்னொரு செம்பை அவன் ஒரு கையால் வாங்கி, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எங்களை நோக்கி நீட்டிவிட்டுப் போனான். வாங்கியவன் நான். அதில் மிச்சமிருந்ததைப் பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி குடித்தேன். பஸ் கண்டக்டர் வந்து, வேலுதான் முதல் என்று கத்தினார். பிச்சை அண்ணன் அந்தக் கண்டக்டரையே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் இனி எப்போதாவது இருப்பேனா என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் போலக் கழிந்திருக்கும். தலைவலியில் ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல். இந்தக் காய்ச்சலின் குணம், ஒரேயடியாக ஏறாது. படி ஏறுவது போல இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று ஏறும். காலையில் சற்றுக் குறைந்து நம்மை ஏமாற்றிவிட்டு, சாயங்காலம் நேற்றையதைவிட மேலே போய் நிற்கும். கஷாயம் குடித்தேன், பத்தியம் இருந்தேன். என் மனைவி தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தபோது நான், இல்லவே இல்லாத ஒரு வழக்கின் தீர்ப்பை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேனாம். ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே முதலில் பெஞ்சியில் காத்திருக்க வைத்தார்கள். காத்திருப்பதில் நான் தேர்ந்தவன், ஆனால் அங்கே காத்திருந்தவர்கள் யாரும் ஒருவரோடொருவர் சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், நெஞ்சிலும் வயிற்றிலும் ரோஜா நிறத்தில் சின்னப் புள்ளிகள் இருப்பதை எனக்கே காட்டினார். கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அதை டைபாய்டுக் கிருமிகள் கலந்த நீரில் விட்டுப் பார்ப்பார்களாம். பால் திரிவது போலக் கிருமிகள் கட்டி கட்டியாகச் சேர்ந்தால் இந்தக் காய்ச்சல்தான். சேர்ந்தது.

"சமீபத்துல வெளியூர்ல எங்கேயாவது தண்ணி குடிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதே குடமா? இதே கதையைச் சொல்லிக்கிட்டு நேத்து ஒரு பையன் வந்து படுத்திருக்கானே!"

என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் வேலு கிடந்தான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ பந்தயம் பார்த்திருக்கிறேன், ஆனால் அவனை நேராக நான் பார்த்ததே இல்லை. புழுதியில் ஒரு பக்கத்து முகம், உப்பின கன்னம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலு. அசையாமல் படுத்திருந்தவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, காது கொஞ்சம் பெரியது, மீசை இன்னும் சரியாக வளரவில்லை. சட்டத்தில் பார்த்தால் இவனுக்கு இன்னும் மேஜர் வயசே ஆகியிருக்காதோ என்று தோன்றியது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. தலையை மொட்டையடித்தார்கள். நெற்றியில் ஐஸ் பை. உடம்பை ஈரத்துணியால் துடைப்பார்கள், துடைத்த இடம் அப்போதே காய்ந்துவிடும். கூரையிலிருந்து யாரோ எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நான் போர்வையில் விரலால் எழுதிக்கொண்டே இருந்தேன். இருட்டில் கண் விழிக்கும்போதெல்லாம் செத்துப்போவேன் என்று பயமாக இருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேனே என்று அழுதேன். அப்போதெல்லாம் ஒரு கை என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா வந்துவிட்டாள் என்பது எனக்கு அந்தக் கையால்தான் தெரிந்தது.

அவள் வயலையும் மாட்டையும் மச்சான் தலையில் கட்டிவிட்டு ஒரு மூட்டையோடு வந்திருந்தாள். மச்சான் வாரம் ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் எதை விற்றார்கள் என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

வேலுவுக்கு ஊரே சொந்தம். சாயங்காலமானால் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூடிவிடும். விபூதி வரும், எலுமிச்சம்பழம் வரும், மாலைகூட வந்தது. "மாப்ள, சீக்கிரம் எந்திரிடா! ஆடி கழிஞ்சதும் திண்டுக்கல் பந்தயம் இருக்கு!" என்று கத்துவார்கள். சிஸ்டரம்மா விரட்டுவார். கடை முதலாளி ஒரே ஒரு தடவை வந்தார். பாவம், நல்ல மனிதர்தான். "எப்பத் தம்பி எந்திரிப்ப?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் கேட்டது வேலுவின் காதில் நின்றுவிட்டது. அன்று முழுதும் அவன் போர்வையை விலக்கித் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடுசதை கரைந்து எலும்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்? மறுபடியும் தந்தி குடுக்கத்தான் போகணும்" என்றான்.

"கழுத, காலு என்ன ஓடியா போகும்? திங்கத் திங்க வந்துரும்" என்றாள் அக்கா, எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து. அவள் முக்காலியை என் கட்டிலோரத்திலிருந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டு பல நாளாகியிருந்தது. எனக்கு ஊட்டுகிற பார்லித் தண்ணீரின் அடுத்த ஸ்பூன் அவனுக்குப் போகும். அவனுக்கு முகம் துடைத்துவிட்டுத்தான் எனக்குத் துடைப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

எங்கள் காய்ச்சல் ஏறியது போலவே படிப்படியாக இறங்கியது. ஒரு காலையில் இருவருக்கும் வெறும் உடம்புச் சூடுதான் இருந்தது. அன்றைக்கு டாக்டர் அக்காவை வைத்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்:

"இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். இந்தக் காய்ச்சல் குடல்ல புண்ணு போட்டுட்டுப் போயிருக்கு. காய்ச்சல் எறங்குன மாதிரி புண்ணு ஆறல. குடல் இப்ப நனைஞ்ச காகிதம். பசி பசின்னு உயிர் போகும். கெட்டியா எது உள்ள போனாலும் காகிதம் கிழியும். கிழிஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நான் சொல்றவரைக்கும் பால், பார்லி, பழச்சாறு, மோர் தெளிவு. எழுந்து உட்காரவும் கூடாது."

"சோறு?" என்று வேலு கேட்டான்.

"சோத்தை நினைக்கவும் கூடாது."

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அன்று முதல் நாங்கள் அவளுக்குக் கைதிகள்.

பசி என்றால் என்ன என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காய்ச்சல் விட்ட உடம்பு, இத்தனை நாள் இழந்ததையெல்லாம் ஒரே நாளில் கேட்கும். பக்கத்து வார்டில் யாரோ ரசம் சோறு பிசையும் வாசனை வரும், எனக்குக் கண்ணில் நீர் வரும். கோர்ட்டில் வேலை பார்க்கும் நான், முப்பதை நெருங்குகிறவன், ஒரு பிடி சோற்றுக்காக அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். "திட்டுடா தம்பி, திட்டுறதுக்குத் தெம்பு வந்துருச்சுல்ல" என்று பார்லியைக் கலக்கிக்கொண்டிருப்பாள்.

வேலு திட்டமாட்டான். கேட்டுக்கொண்டே இருப்பான்.

"அக்கா, உங்க ஊர்ல கோழி எப்பிடி வைப்பீக?"

"மொளகு அரைச்சு வைப்போம். பேசாமப் படு."

"நல்லெண்ணெ ஊத்துவீகளா?"

"குளிக்கக் குளிக்க ஊத்துவோம். நீ எந்திரிச்சு வா, ஒத்தக்கடையில எறங்கி நேரா எங்க வீட்டுக்கு வந்துரு. ஒரு சேவலு உம் பேருக்கே விட்டுவச்சிருக்கேன். தின்னுட்டு உன் வண்டிய எடுத்துக்கிட்டு எந்த ஊருக்கு வேணும்னாலும் போ."

"வாரேன்கா. கண்டிப்பா வாரேன்."

அவனுக்கு எல்லோரும் இருந்தார்கள். ஜன்னல் கொள்ளாத கூட்டம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிக் கையைத் தட்டிவிட அக்காவைத் தவிர ஒருவர் இல்லை. ரசிகன் தன் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழகியவனில்லை. இன்னும், இன்னும் என்று கத்தத்தான் அவனுக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்தான்.

பிச்சை அண்ணன் அந்த நாட்களில் தினமும் வந்தார். வேலுவின் காலைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதார். உள்ளே வந்து, "பட்டினி போட்டே கொல்றானுகளேம்மா. காய்ச்சதான் விட்டுப்போச்சே, பெறகென்ன?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் வேலுவின் ஒட்டிய கன்னத்தின் மேலேயே இருந்தது.

அது ஒரு பிற்பகல். அக்கா எங்கள் இருவரின் துணிகளையும் துவைக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் அயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது பிச்சை அண்ணனின் முதுகு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. வேலு என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. எத்தனையோ தடவை பார்த்து நான் கைதட்டிய அதே முகம்.

"வேலு, துப்பு. துப்புடா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. கடவாயில அடக்கிக் கரைச்சுத்தான் முழுங்குறேன்" என்று சிரித்தான். ஆனால் பசித்தவன் எங்கே கரைய விடுவான்? நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கட்டில் கம்பியை டம்ளரால் தட்டினேன். சிஸ்டரம்மா ஓடி வந்து அவன் வாயில் விரலை விட்டு எடுத்தார். தலையணைக்கடியில் துணியில் முடிந்திருந்த இன்னொரு உருண்டையையும் பிடுங்கிக்கொண்டார். உள்ளே போனது போய்விட்டது. அவன் முகத்தில் அத்தனை நாளில் நான் பார்க்காத ஒரு நிறைவு இருந்தது. அக்கா ஈரத் துணியோடு வந்து விஷயத்தைக் கேட்டதும் துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு அவன் வயிற்றில் கையை வைத்தாள். வைத்த கையை அன்று எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் அவனுக்கு வலி கண்டது. கத்தி வைத்துக் குத்தினாற்போலத் திடீரென்று வந்தது. அவன் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது, தொட்டாலே அலறினான். கை கால் சில்லிட்டு வேர்த்தது. டாக்டர் நாடியைப் பிடித்தவர் எங்களைப் பார்க்கவில்லை. குடல் கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டி விஷமாகிவிடும். வயிற்றைத் திறந்து கிழிசலைத் தைத்துப் பார்க்கலாம், பிழைப்பவர்கள் அபூர்வம் என்றார். தைத்துப் பார்க்கத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவன் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பசி தாங்கலக்கா. அதான்" என்றான்.

"தெரியும்யா. தெரியும்யா" என்று அக்கா கூடவே ஓடினாள்.

அவள் திரும்பி வந்து என் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். வேலு இறந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மெத்தையை வெயிலில் போட எடுத்துக்கொண்டு போனார்கள். நான் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழக்கூடாது, வயிறு குலுங்கும் என்று அக்கா அதற்கும் தடை போட்டாள். தடை போட்டுவிட்டு அவள் அழுதாள்.

துக்கம் கோபமாக மாற அவளுக்கு ஒரு நாள்தான் ஆயிற்று. "அந்த சோடாக்கடைக்காரரு வரட்டும். மூஞ்சிக்கு நேரா கேக்குறேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கேட்டாரா? நம்ம வயித்துல பெறந்த புள்ளயா இருந்தா குடுப்பாரா? கேக்காம விடுறதா இல்ல." இதைத் தினமும் சொன்னாள். என்னிடம் சொன்னாள், சிஸ்டரம்மாவிடம் சொன்னாள், வாரக் கடைசியில் வந்த மச்சானிடமும் சொன்னாள். மச்சான் வழக்கம் போல என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அக்கா சொன்னால் செய்கிறவள். அந்த மனிதர் இங்கே வராமலேயே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். எனக்கு முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ள அனுமதி கிடைத்திருந்த நேரம். அக்கா ஆரஞ்சுச் சுளைகளைத் துணியில் வைத்து எனக்குச் சாறு பிழிந்துகொண்டிருந்தாள். பிச்சை அண்ணன் முகத்தில் தாடி ஏறியிருந்தது, தலை மழித்திருந்தது. வேலு படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அதன் கால்மாட்டில் போய்ச் சற்று நேரம் நின்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் அவள் கையைத் தொட்டேன், தட்டிவிட்டாள்.

"வாங்கண்ணே. ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன்" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம் தாயி" என்று ஆரம்பித்தார். "ரேசு விடுற பயலுக அம்புட்டுப் பேரும் வந்துட்டானுக, மத்த கடைக்காரங்க ஆளுகளுந்தான். ஒருத்தன் சைக்கிள்ல ஏறலயே. எல்லாரும் உருட்டிக்கிட்டே வந்தானுக. கொள்ளி வைக்கத்தான் ஆளில்ல. நான் வச்சேன். எனக்குப் பிள்ளைன்னு ஒண்ணு இல்லாததுக்கு, அவனுக்கு நான் வச்சேன்."

அக்கா வாயைத் திறந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு மேலே பேசினார்.

"டாக்டரப் பாத்தேன், டைபாய்டுதான் கொண்டுபோயிருச்சுன்னாரு. நமக்கென்ன தெரியுது. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் தாயி. அன்னிக்கி எங்க வீட்ல உருண்டை புடிச்சுக் குடுத்து விட்டா. கடையப் போட்டபடி போட்டுட்டு ஓடியாந்தவன், அவன் கையில குடுத்துட்டு அப்பிடியே திரும்பிட்டேன். தின்னானா தாயி? இல்ல, நீங்கல்லாம் வேண்டாம்னு சொல்லி அப்பிடியே கெடந்துச்சா? எங்க வீட்ல அவ தெனம் கேக்குறா. எனக்கும் தூக்கம் வரல. பய பசியோடயே போயிட்டானோன்னு கெடந்து அடிச்சுக்குது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்த பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். அதன் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"தின்னான்ணே" என்றாள் அக்கா. "ஒண்ணு மிச்சம் வைக்கல. எங்கண்ணன் கொண்டாந்ததுன்னு சொல்லிச் சொல்லித் தின்னான். புள்ள பசியோட போகலண்ணே."

பிச்சை அண்ணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதார். அழுது முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "அவட்ட போயிச் சொல்லணும். வாரேன் தாயி. வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக நடந்து போனார். அக்கா டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, சாறு தீர்ந்துபோன துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.